ஆஃப் மைஸ் அண்ட் மென் நாவல்ல தனிமையை எங்க தேடணும், எப்படிப் படிக்கணும்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெயின்பெக்கோட இந்த நாவல் வந்தது 1937ல, மொத்தமே ஆறு அத்தியாயம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிச்சிடலாம். ஆனா முதல் தடவை படிக்கறப்ப, சேர்ந்தே பண்ணை பண்ணையா கூலி வேலைக்குப் போற ஜார்ஜுக்கும் லென்னிக்கும் என்ன ஆகப்போகுதோங்கற பதட்டத்துலயே ஓடிடுவோம், மத்தவங்க யாரும் சரியா கண்ணுல பட மாட்டாங்க. அதனால ரெண்டாவது தடவை கையில பென்சிலோட படிங்க.

முதல் வரியிலயே சொலெடாட்னு ஒரு ஊர் பேர் வரும், கலிஃபோர்னியாவுல நிஜமாவே இருக்கற ஊர், ஸ்பானிஷ்ல அதுக்கு அர்த்தமே தனிமைதான். அதை அடிக்கோடு போட்டுட்டு நகருங்க.

அடுத்து, யாரு எங்க படுக்கறாங்க, கையில என்ன வச்சிருக்காங்கன்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே வாங்க. பண்ணையாளுங்க எல்லாருக்கும் ஒரே ரூம், தலைமாட்டுல ஆணி அடிச்ச ஒரு ஆப்பிள் பெட்டி, ஒருத்தனோட மொத்த சொத்தும் அதுக்குள்ள. குதிரை லாயத்துல வேலை பாக்கற க்ரூக்ஸுக்கு மட்டும் லாயத்தை ஒட்டி தனி ரூம், நிறைய சாமான், கந்தலான ஒரு டிக்‌ஷனரி, 1905ம் வருஷத்து கலிஃபோர்னியா சட்டப் புத்தகம். வசதின்னு நினைச்சுடாதீங்க, கறுப்பர்ங்கறதால சீட்டாடக்கூட அவரை அந்தப் பக்கம் சேர்க்க மாட்டாங்க, ராத்திரிக்கு புத்தகம் மட்டும்தான் துணை.

மூணாவது அத்தியாயத்துல வயசான பண்ணையாள் கேண்டியோட நாயைச் சுடற இடம் வரும், அங்க அவசரமே படாதீங்க. குட்டியில இருந்து வளர்த்த நாய், நாத்தம் தாங்கலைன்னு கூட வேலை பாக்கற கார்ல்சன் வெளிய கூட்டிட்டுப் போறான், கிழவர் படுத்துக்கிட்டு கூரையையே பாத்துட்டு இருக்கார். ஒருத்தன் சீட்டைக் கலைக்கறான், ஒருத்தன் கோவேறு கழுதையைப் பத்திப் பேச்செடுக்கறான், தரைக்கு அடியில எலியோ என்னவோ சுரண்டுது, நடுநடுவுல திரும்பத் திரும்ப அமைதி. அந்த அமைதி வர்ற இடத்துல எல்லாம் ஒரு புள்ளி வைங்க. ரூம் நிறைய ஆளு இருக்காங்க, ஒருத்தருக்கும் அந்த மனுஷன் கிட்ட போய் உக்காரத் தெரியலை. வெடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் அவரைத்தான் பாக்கறாங்க, அவர் மெதுவா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறார். எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அந்த இடத்துல தொண்டை அடைச்சுக்கும்.

பண்ணை முதலாளி மகன் கர்லியோட பொண்டாட்டிக்கு பேரே கிடையாது, கடைசி வரைக்கும். வரும்போதெல்லாம் புருஷனைத் தேடறேன்னுதான் வருவா, அந்தச் சாக்கை நம்பாம, வந்து எவ்ளோ நேரம் நின்னு பேசறான்னு பாருங்க. அவளைத் திமிர் பிடிச்சவன்னு ஒதுக்கிட்டுப் போறது பெரிய அநியாயம்.

கடைசி அத்தியாயம் படிக்கறதுக்கு முன்னாடி, என் நாயை நானே சுட்டிருக்கணும்னு கேண்டி ஜார்ஜ்கிட்ட சொல்ற வரியை ஒரு தடவை தேடிப் படிச்சுடுங்க. அப்புறம் ஜார்ஜ் கையில இருக்கற துப்பாக்கி யாரோடதுன்னு பாருங்க, நாவலோட கடைசி வரியைப் பேசறது யாருன்னும் பாருங்க. அதே கார்ல்சன்தான், ஜார்ஜும் இன்னொரு பண்ணையாள் ஸ்லிம்மும் ஏன் இப்படிப் போறாங்கன்னு அவனுக்குப் புரியவே இல்லை.