தலைவலிக்கு ‘எ’ உண்டு, சர்க்கரை நோய்க்குக் கிடையாது

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தேன். “ஐ ஹேவ் கோல்டு” என்றேன். எதிர்முனையில் இருந்தவர், சளி பிடித்திருக்கிறதா, இல்லை குளிர் எடுக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். “எ கோல்டு” என்றால் சளி. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற அந்த ‘எ’ (a) விட்டுப்போனதால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. தலைவலியோ சர்க்கரையோ, ‘எனக்கு இருக்கு’ என்று சொன்னால் போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வழி வேறு. உடம்பில் தெரிகிற தொந்தரவைப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள்: எ ஹெட்ஏக், எ காஃப், எ ராஷ், எ சோர் த்ரோட். திடீரென்று தாக்குகிற ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ‘எ’ வரும். மருத்துவம் பெயர் வைத்த நோயானால் பெயரை மட்டும் சொன்னால் போதும்: டயபடீஸ், ஆஸ்துமா, நிமோனியா, மலேரியா. மீசில்ஸ், மம்ப்ஸ் இரண்டும் ‘ஸ்’ என்று முடிந்தாலும் ஒருமைதான். அவற்றுக்கும் ஒன்றும் வேண்டாம். ஃப்ளூவை ‘தி’ (the) போட்டும் சொல்லலாம், போடாமலும் சொல்லலாம்.

ஊரில் ‘பிரஷர் இருக்கு’ என்போம். இங்கே பிளட் பிரஷர் எல்லோருக்கும் இருப்பது. ‘ஹை பிளட் பிரஷர்’ என்று சொல்லுங்கள், ‘எ’ இல்லாமல். ‘ஹேவ் எ டெம்பரேச்சர்’ என்று யாராவது சொன்னால் காய்ச்சல் என்று பொருள். பரிசோதனை, நோய் ஆகியவற்றின் பெயரில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே எல்லாம் உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’ (an), யு.டி.ஐ. (சிறுநீர்ப் பாதைத் தொற்று) ‘யூ’ என்று தொடங்குவதால் ‘எ’.

படிக்க வந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி, ஆய்வேடு. என் முதல் வரைவில் குரோமட்டோகிராஃபி, ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று ஆய்வு முறைகளின் பெயர் வந்த இடத்திலெல்லாம் முன்னால் ‘தி’ போட்டிருந்தேன். வழிகாட்டி ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டுத் தந்தார். எனக்கு விஷயம் பிடிபட்டது நம் சர் சி.வி. ராமனை வைத்துத்தான். ஒளி சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதை அவர் 1928-ல் கண்டார், அது ‘தி ராமன் எஃபெக்ட்’. அதை வைத்துச் செய்கிற ‘ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோபி’க்கு ‘தி’ கிடையாது. பெயர் ஒன்றுதான், ஆனால் கடைசிச் சொல் வேறு. எஃபெக்ட் என்பது எண்ணக்கூடியது. பல எஃபெக்டுகளில் இது ராமனுடையது என்று ‘தி’ சுட்டிக் காட்டுகிறது. ஸ்பெக்ட்ராஸ்கோபி தண்ணீர் மாதிரி, எண்ண முடியாது. மெத்தட், டெஸ்ட், லிமிட் என்று முடிந்தால் ‘தி’ போடுங்கள். கிராஃபி, ஸ்கோபி, மெட்ரி என்று முடிந்தால் சும்மா விடுங்கள்.

அப்புறம் உடைமையைக் காட்டுகிற அந்த அப்பாஸ்ட்ரஃபியும் ‘எஸ்’-உம் (’s). உதாரணத்துக்கு, வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) நிறைக்கு விஞ்ஞானி சந்திரசேகர் கண்ட வரம்பு, நம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதை ‘தி சந்திரசேகர் லிமிட்’ என்று எழுதலாம், ‘சந்திரசேகர்ஸ் லிமிட்’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் ‘தி’ வராது. ‘தி மை புக்’ என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அதே காரணம்தான்: உடையவர் பெயர் வந்ததும் ‘தி’ உட்கார வேண்டிய இடம் நிரம்பிவிடுகிறது. பார்க்கின்சன்ஸ் டிசீஸ், அல்சைமர்ஸ் டிசீஸ் இரண்டும் வெறுமனே வருவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் டவுன் சிண்ட்ரோம் ‘எஸ்’ இல்லாமலே ‘தி’யையும் விட்டுவிடும். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

புள்ளியியலில் வருகிற டீ-டெஸ்ட் முறையைப் பொதுவாகச் சொன்னால் ‘தி டீ-டெஸ்ட்’. நீங்கள் ஒருமுறை செய்து பார்த்ததைச் சொன்னால் ‘எ டீ-டெஸ்ட்’. மரபணுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கிற பி.சி.ஆர். தனியாக வந்தால் ஒன்றும் வேண்டாம், பின்னால் டெஸ்ட் சேர்ந்தால் ‘எ பி.சி.ஆர். டெஸ்ட்’.

வீட்டில் குழந்தை இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நடுராத்திரியில் 111 என்கிற மருத்துவ உதவி எண்ணை அழைக்க வேண்டி வரும்போது பதற்றத்தில் இலக்கணம் நினைவுக்கு வராது. சொல்ல வேண்டியதைப் பகலிலேயே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருப்பது இதுதான்: “மை டாட்டர் ஹேஸ் எ ஃபீவர் அண்ட் எ காஃப். ஷீ ஹேஸ் ஆஸ்துமா.”