ப்ளூஸ் தொகுப்பு ஆல்பத்தின் அடையாள எண்களைக் குறித்து வைக்கும் முறை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய எல்.பி. இசைத்தட்டும் சி.டி.யும் சேர்ப்பவர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையின் தொகுப்பு ஒன்று கைக்கு வந்ததும் ஆல்பத்தின் பெயரை மட்டும் நோட்டில் எழுதி வைப்பது போதாது. ஏறக்குறைய ஒரே பெயரில், ஒரே பாடல்களுடன், பல நிறுவனங்கள் தொகுப்புகளை வெளியிட்டிருக்கின்றன. எனவே ஆல்பத்துக்குரிய எண்களை ஒரு பக்கத்திலும், அதிலுள்ள ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குரிய எண்களை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள்.

முதலில் உறையின் முதுகுப்பகுதியில் உள்ள கேட்டலாக் எண்ணை, அதாவது வெளியீட்டுக்கு நிறுவனம் தரும் எண்ணை, இடைவெளியும் கோடும் மாறாமல் அப்படியே எழுத வேண்டும். அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பதிவுகளைத் தொகுத்துக் கொலம்பியா நிறுவனம் 1961-இல் வெளியிட்ட எல்.பி.யின் எண் 'சி.எல். 1654'. அக்காலத்து எல்.பி.யில் பார்கோடு இருக்காது என்பதால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். பார்கோடு இருந்தால் கோடுகளுக்குக் கீழுள்ள எல்லா இலக்கங்களையும் எழுதுங்கள். அமெரிக்க வெளியீட்டில் 12 இலக்கங்களே இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 13 ஆக்கிக்கொள்ளலாம்.

சி.டி.யின் அடிப்பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் பொடி எழுத்துகள் தெரியும். வட்டு தயாரான ஆலையைக் காட்டும், 1994-இல் அறிமுகமான 'ஐ.எஃப்.பி.ஐ.' குறியீடு அங்கே இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபதிப்புகளைப் பிரித்தறிய அது உதவும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் சர்வதேச அடையாளக் குறியீடு 12 இடங்கள் கொண்டது: முன்னொட்டாக இரண்டு எழுத்துகள், பதிவுதாரருக்கு மூன்று இடங்கள், ஆண்டுக்கு இரண்டு இலக்கங்கள், வரிசைக்கு ஐந்து. இதில் வரும் ஆண்டு எண் வழங்கப்பட்ட ஆண்டே தவிரப் பாடிய ஆண்டு அன்று. 1936-இல் பாடியதற்கு '98' என்று இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. சி.டி.யைக் கணினியில் படியெடுக்கும் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' மென்பொருளில் க்யூ ஷீட் என்னும் பாடல் விவரக் கோப்பை உருவாக்கினால், வட்டில் பொதிந்திருக்கும் பட்சத்தில் இவ்வெண்கள் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு பாடல்களுக்கு ஒரே எண் வந்தால் டிரைவ் தவறாகப் படித்திருக்கக்கூடும். வேறு டிரைவில் போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ப்ளூஸைப் பொறுத்தவரை ஐ.எஸ்.ஆர்.சி.யை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் கருத்து. ஐரோப்பாவில் காப்புரிமைக் காலம் முடிந்த பதிவுகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால், ஒரே பதிவுக்கு நிறுவனத்துக்கு ஓர் எண் என்று பல எண்கள் சேர்ந்துவிடுகின்றன. இங்கே கைகொடுப்பது, 78 ஆர்.பி.எம். தட்டுக்காக அன்றே இடப்பட்ட மேட்ரிக்ஸ் எண்தான். ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலுமாக 29 பாடல்களைப் பதிவு செய்தார். முதல் ஊரின் எண்கள் 'எஸ்.ஏ.' என்றும் இரண்டாவதன் எண்கள் 'டி.ஏ.எல்.' என்றும் தொடங்கும். அவற்றின் கடைசியில் கோட்டுக்குப் பின் வரும் 1, 2 என்பது எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது, என்பதைக் காட்டும். ஒரே பாடலின் இரண்டு டேக்குகள் இரண்டு தனிப் பதிவுகள் என்பதால் அந்தக் கடைசி இலக்கத்தை விட்டுவிடாதீர்கள். இவ்விவரம் பெரும்பாலும் உள்ளே வரும் சிறு புத்தகத்தில் இருக்கும். எல்.பி.யின் உள்விளிம்பில் கீறியிருப்பது அந்த எல்.பி. பக்கத்தின் எண்ணே ஆகையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காட்பாடியில் வீட்டு ஸ்டூடியோ வைத்திருப்பவர் தாமே ஒரு தொகுப்பை வெளியிடுவதானால், ஆல்பத்துக்குப் புதிய பார்கோடு வாங்க வேண்டும். தாம் பதிவு செய்தவற்றுக்கு இந்தியாவில் ஐ.எம்.ஐ. (இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி) அமைப்பின் வழியே ஐ.எஸ்.ஆர்.சி. பெறலாம். உரிமம் பெற்றுச் சேர்க்கும் பிறர் பதிவுகளுக்கோ ஏற்கெனவே உள்ள எண்ணை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி அப்படியே பயன்படுத்த வேண்டும்.