பனையோலைக் கொட்டான் முடைவது எப்படி? முதன்முறை முடைபவர்களுக்கு

ஓலை வேலை பழக வருபவர்களுக்குப் பெரும்பாலும் பாயோ விசிறியோதான் முதலில் சொல்லித்தருவார்கள். நான் கொட்டானை, அதாவது சிறிய ஓலைக்கூடையைத்தான் சொல்வேன். தட்டையாகக் கிடக்கும் ஓலை எழுந்து நின்று சுவராவதை ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால், அஞ்சறைப்பெட்டியும் கடகம் என்னும் பெரிய ஓலைப்பெட்டியும் பிறகு எளிதாகப் பிடிபடும். செட்டிநாட்டில் சீர் வைக்கும் கொட்டான்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு. நாம் முடையப்போவது அவற்றின் எளிய வடிவம்: அடி சதுரம், வாய் வட்டம்.

ஓலை

முற்றிய பச்சை ஓலை வேண்டாம். விறைப்பாக இருக்கும், மடித்தால் வெடிக்கும். வெளிர்மஞ்சளாக இருக்கும் குருத்தோலையைக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரம் நலிந்துவிடும். அதனால் நீங்களே வெட்டாமல், இராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் பெட்டி முடையும் பெண்களிடம் காய்ந்த ஓலையாகவே வாங்குங்கள். கேட்கும் விலையைக் கொடுங்கள். ஓலையைச் சீவிப் பதமாக்குவதிலேயே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

நடுவிலுள்ள ஈர்க்கை உரித்துவிட்டு, 1 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்தில் 16 வார்கள் கிழியுங்கள். அகலம் ஒரே சீராக இருக்கட்டும். எட்டு வார்களுக்குச் சாயம் ஏற்றினால் எது எதன்மேல் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். மிதமிஞ்சி ஊறினால் ஓலை உப்பிவிடும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும்.

அடி

எட்டு வார்களை நெருக்கமாகச் செங்குத்தாகப் பரப்புங்கள். மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே, ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என நுழைத்துவாருங்கள். பின்னல் வார்களின் நடுவில் அமைய வேண்டும். நான்கு பக்கமும் பின்னாத நுனிகள், அதாவது வால்கள், ஒரே அளவு நீட்டியிருக்கும். நகத்தால் தள்ளித் தள்ளி இறுக்கி, நான்கு மூலைகளிலும் துணி கிளிப் மாட்டுங்கள்.

மூலை

கொட்டானின் உயிர் இங்கேதான். பின்னிய சதுரத்தின் மூலைகள் கொட்டானின் மூலைகள் ஆவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளிதான் மூலையாகும். ஒரு பக்கத்தின் எட்டு வால்களில் நடுவிலுள்ள இரண்டை எடுத்து ஒன்றையொன்று குறுக்கிடவையுங்கள். கடைசியாக மேலே வந்த வார் இப்போது கீழே போக வேண்டும். இந்த ஒரு விதி போதும், வேறெதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இடப்பக்க நான்கையும் வலப்பக்க நான்கையும் இப்படியே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போனால் அடிப்பாகம் தானாகவே மடங்கி எழும்பும். கையை நம்பி, லேசாக இழுத்துக் கொடுங்கள். அந்தப் பின்னலை கிளிப்பால் பிடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நான்கு பக்கமும் முடிந்தால் நான்கு கூர்முனைகளும் இடையில் நான்கு பள்ளங்களும் தெரியும். சதுரத்தின் பழைய மூலைகள் இப்போது சுவரின் நடுவில் இருக்கும்.

சுவர்

அக்கம்பக்கத்து வால்களை ஒன்றோடொன்று பின்னிப் பள்ளங்களை நிரப்புங்கள். வாய் ஒரே மட்டமாகும்வரை சுற்றிச் சுற்றி வந்தால் போதும். ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் கிடைக்கும். ஓலை காய்ந்து முரண்டு பிடித்தால் ஈரத்துணியால் தடவிக்கொள்ளுங்கள்.

வாய்

ஒவ்வொரு வாலையும் விளிம்பில் வெளிப்பக்கமாகக் கீழே மடியுங்கள். வலப்பக்கம் சாய்ந்து ஏறிய வார், மடித்ததும் இடப்பக்கம் சாய்ந்து ஏறிய வார்களின் தடத்தில் படுத்துக்கொள்ளும். அதே தடத்தில் இரண்டு மூன்று கட்டங்களுக்கு அடியில் செருகி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். நுனியைக் கூராக வெட்டிக்கொண்டால் செருகுவது எளிது. கெட்டியான ஈர்க்கால் வழி திறந்தும் கொடுக்கலாம்.

நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரமாக அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் வார்கள் தளர்ந்திருந்தால் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கி, மிச்ச வாலை மறுபடி செருகிவிடுங்கள். ஏலக்காய், கல்கண்டு, காசு போட்டுவைக்க இந்த அளவு சரி. பெரிதாக வேண்டுமானால் வார்களை 24 ஆக்குங்கள். ஒரு திசைக்கு எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையே இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் இரண்டு வார் அமையாது.