வரவுப் பதிவேட்டைக் கைமாற்றாதீர்கள்: திருநர், ஊடுபாலினர் சந்திப்பு நடத்துவோர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது புதிதாகச் சில பிள்ளைகள் திருநருக்கும் ஊடுபாலினருக்குமான சந்திப்புகளை நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். திருநர் என்றால் பிறப்பில் பதிந்த பால் தமக்குப் பொருந்தாதவர்கள்; ஊடுபாலினர் என்றால் உடலே ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காமல் பிறந்தவர்கள். ஒரு மண்டபம், ஒரு வளவாளர், பற்றிஸும் பிளேன்டீயும், கடைசியில் உதவி எண்கள் அச்சடித்த தாள். நல்ல விஷயம்தான். ஆனால் பழையவர்கள் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, "ஒப்பரேஷன் முடிஞ்சுதா" என்று விசாரிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரவுப் பதிவேட்டைக் கைமாற்றுவது

கூட்டம் தொடங்கி கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பு முன்வரிசையில் இருந்து கிளம்பும். பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. எல்லா அமைப்பும் செய்வதுதான். நிதி தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பஸ் காசு கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். அதனால் யாரும் இதை ஒரு பிழையாகவே நினைப்பதில்லை.

எங்கள் அடையாள அட்டை இலக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் 2 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம், அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாகப் பதியப்பட்டவர் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி 10-ல் பிறந்த ஆணுக்கு 041, பெண்ணுக்கு 541. புதிய 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக வரும், மற்றது அதே கணக்குத்தான். வங்கியில் வேலை செய்தவர், பாடசாலையில் பதிவு எழுதியவர், கொமியுனிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு இதை வாசிக்கத் தெரியும்.

அதாவது, சேலை கட்டி, தனக்குப் பிடித்த பெயரோடு, முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு வந்திருக்கும் திருநங்கையின் கையில் கோப்பைக் கொடுத்து, உங்கள் பிறப்புப் பதிவில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள் என்கிறீர்கள்.

ஒரு பயிற்சிப் பட்டறையில் இது என் கண் முன்னே நடந்தது. அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்தது. வாங்கியவர் வேறொரு என்.ஜி.ஓ.வில் இருந்து வந்தவர், கெட்ட மனிதர் இல்லை. இலக்கத்தைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், மறுபடியும் இலக்கத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்தக் கதிரை காலியாக இருந்தது. ஏற்பாட்டாளர்களோ "வேற வேலை இருந்திருக்கும்" என்றார்கள்.

இன்னொரு இடத்தில் ஒரு திருநம்பி இதைத் தெரிந்துகொண்டே இலக்கத்தை மாற்றி எழுதினார். பின்னேரம் பஸ் காசு வாங்கப் போனபோது கணக்காளர் அட்டையின் போட்டோகொப்பி கேட்டார், இலக்கம் பொருந்தவில்லை, காசு இல்லை என்றார். எல்லோரும் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி காசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்தக் கணக்காளர் மீது இல்லை. அவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்காதவர்கள் மீதுதான்.

வெட்கம், சங்கடம் என்று இதைச் சின்னதாக்கவும் முடியாது. திருநராக இருப்பது இலங்கையில் குற்றம் இல்லை. ஆனால் ஒரே பாலினருக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கும், 1883-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் இருக்கின்றன. ஆள்மாறாட்டத்துக்கான 399-ம் பிரிவையும், 1841-ல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் திருநங்கைகள் மீது பிரயோகித்த கதைகள் ஊரறிந்தவை. அப்படிப்பட்ட இடத்தில் பெயரும் ஊரும் இலக்கமும் ஒரே தாளில் இருக்கும் பட்டியல் உங்கள் அலுவலகத்தில் பூட்டாத அலுமாரியில் கிடக்கிறது. அதன் எக்செல் பிரதி கொழும்புக்கு மின்னஞ்சலில் போகிறது. விட்டுப்போன ஒரு தாள் மண்டபக் காவலாளியின் மேசையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு முகவரி போதும், இன்னாருடைய பிள்ளை என்று பின்னேரத்துக்குள் சொல்லிவிடுவார்கள், இரவுக்குள் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் போய்விடும்.

சரி, கணக்கு எப்படிக் காட்டுவது? நிதி ஒப்பந்தம் எழுதும்போதே கதையுங்கள், நிகழ்வு முடிந்த பிறகு இல்லை. பொதுவான வரவுக்குத் தலை எண்ணிக்கையும் இரண்டு பேரின் உறுதிக் கையெழுத்தும் போதும் என்று கேட்டால் பல நிதியாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு. பணம் வாங்குபவரிடம் மட்டும், ஆளுக்கொரு தனிப் பற்றுச்சீட்டில், ஒருவர் மட்டும் இருக்கும் அறையில் கையெழுத்து வாங்குங்கள். உறையில் போட்டு ஒட்டுங்கள். இலக்கம் கட்டாயம் என்றால் வருகிறவருக்கு முதல் நாளே சொல்லுங்கள். அப்புறம் வருவதா இல்லையா என்பது அவர் பாடு. போட்டோகொப்பிக்காகச் சந்திக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

தமிழ்நாட்டுத் தகவலை அப்படியே அச்சடிப்பது

தமிழில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தியத் தகவல்தான். 2008-ல் தமிழ்நாட்டில் வந்த திருநங்கைகளுக்கான நலவாரியம், 2014-ல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த தீர்ப்பு, திருநர் உரிமைகள் பற்றிய 2019-ம் ஆண்டுச் சட்டம். எல்லாம் பெரிய விஷயங்கள், ஒன்றும் இங்கே செல்லாது. அப்படி ஒரு துண்டுப்பிரசுரத்தை நம்பி, நலவாரிய அட்டை கேட்டு அரச அலுவலகம் ஒன்றுக்குப் போய், தனக்கும் விளங்காமல் எதிரே இருந்தவருக்கும் விளங்காமல் திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். திரும்ப ஒரு அலுவலகப் படி ஏற அவருக்கு நெடுநாள் எடுத்தது.

இங்கே உள்ள வழி வேறு. 2016-ல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அரச வைத்தியசாலையின் உளநல மருத்துவ நிபுணர் ஊடாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு முதலில் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும், பிறகு அடையாள அட்டை. வரிசை மாறினால் அலைச்சல்தான். ஆண் அல்லது பெண் என்ற இரண்டு தெரிவுதான் உண்டு, மூன்றாவது இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். உளநல மருத்துவரிடம் போவது நோய் என்பதால் இல்லை, சான்றிதழ் அவர் கையில் இருப்பதால் என்று விளக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் திருநராக இருப்பதை உளநோய் அத்தியாயத்தில் இருந்து எடுத்துவிட்டது. கூட வரும் தாய் தகப்பனுக்கு இந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

ஊடுபாலினரைப் பதாகையில் மட்டும் வைப்பது

பதாகையில் இரண்டு பெயரும் இருக்கும். உள்ளே முழு நாளும் ஹோர்மோனும் சான்றிதழும் பற்றித்தான் கதை. ஊடுபாலினர் பலருக்குப் பதிவில் உள்ள பாலோடு பிரச்சினையே இருக்காது. அவர்களுடைய கேள்விகள் வேறு: சிறுவயதில் எனக்கு என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள், அந்தக் காலத்து டயக்னோசிஸ் கார்டை எங்கே கேட்பது, பிறந்த குழந்தைக்கு உடனே வெட்டித் தைக்கத்தான் வேண்டுமா. உயிருக்கு ஆபத்து இல்லாத அறுவையைக் குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு அரசு அதே வருடம் ஆணையும் போட்டது. இங்கே அப்படியொரு தடை இல்லை. அதனால் பெற்றோருக்குத் தேவை, மருத்துவரிடம் என்ன கேட்பது என்ற பட்டியல். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் பதாகையில் இருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ஒக்டோபர் 26 ஊடுபால் விழிப்புணர்வு நாள், அன்றைக்குத் தனியாகச் சின்னதாக ஒன்று வையுங்கள்.

மைக்கைக் கொடுத்து "உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்பது

கேட்காதீர்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்குவது

நெடுந்தீவில் இருந்து வந்தவர் குறிகட்டுவானில் படகைத் தவறவிட்டால் மறுநாள்தான் வீடு. காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டோடு முடியுங்கள்.

நவம்பர் 20-ஐத் தெருவில் வைப்பது

வன்முறையில் இறந்த திருநரை நினைவுகூரும் நாள் அது. உலகம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று இங்கேயும் தெருவோரம் ஏற்றப் பார்க்கிறார்கள். மறுநாள் 21-ல், போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் வாரம் தொடங்குகிறது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் யார் எங்கே விளக்கேற்றினாலும் யாருக்கு என்ற கேள்வி வரும், வந்தவர்களின் பெயரும் எழுதப்படும். போதாததற்கு மாரி மழை வேறு. உள்ளே, தெரிந்த ஒரு இடத்தில் செய்யுங்கள். வெளியே நிற்க விருப்பம் என்றால் மார்ச் 31, திருநர் காணுநிலை நாள் இருக்கிறது.

கழிவறை

மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முதல், வருகிறவர்கள் சங்கடமில்லாமல் போகக்கூடியதா என்று போய்ப் பாருங்கள்.

எடுத்துப் பார்க்காத எண்களைக் கொடுப்பது

எந்தக் காலத்திலோ தட்டச்சு செய்த பட்டியல் கைக்குக் கை போகிறது. அதில் பாதி எண் வேலை செய்வதில்லை. தேசிய உளநல உதவிச் சேவை 1926, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. இந்த இரண்டைக்கூட நீங்களே எடுத்து, தமிழில் கதைக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்குப் பிறகு ஒருமுறை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் திருநர் வலையமைப்பின் எண்ணைப் போட முதல் அவர்களிடம் கேளுங்கள், வருகிற அழைப்புகளை ஏற்க ஆள் இருக்க வேண்டுமே. தாள் மடித்தால் பேர்ஸுக்குள் அடங்க வேண்டும். வெளிப்பக்கத்தில் எந்த அமைப்பின் பெயரும், எந்த வானவில்லும் வேண்டாம்.