தடையில்லாப் பாதையை அளந்து சரிசெய்வது எப்படி?

சிங்கப்பூரில் கட்டடங்களுக்கான அணுகல்தன்மை விதித்தொகுப்பு 1990இல் வந்தது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. எல்லா எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் குறைந்தது ஒரு தடையில்லா வழி இருக்கிறது. 2020 இறுதியிலிருந்து பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். இவ்வளவு இருந்தும், ரயிலில் சிரமமின்றி வந்து இறங்குபவர் கடைக்குப் போகும் கடைசி ஐம்பது மீட்டரில் நின்றுவிடுகிறார்.

காரணம் எளிது. நிலையம் ஒருவருடையது, சாலையோர நடைபாதை இன்னொருவருடையது, அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பு, கடைவாசல் கடைக்காரருடையது. அவரவர் பகுதி விதிப்படி சரியாகவே இருக்கும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில்தான் கோளாறு. குடியிருப்பாளர் குழு, கோயில் நிர்வாகக் குழு, கடைக்காரர் சங்கம் என யார் இந்த வேலையில் இறங்கினாலும் முதலில் தேட வேண்டியது இந்த இணைப்புகளைத்தான்.

வழியைத் தேர்ந்தெடுப்பது

வட்டாரம் முழுவதையும் பார்க்கப் புறப்பட்டால் வேலை நடக்காது. மக்கள் உண்மையிலேயே போய்வரும் ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலைய மின்தூக்கியிலிருந்து தேக்கா நிலைய உணவங்காடியின் சாப்பாட்டு மேசை வரை, அல்லது உங்கள் புளோக்கின் மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை. 300 முதல் 500 மீட்டர் போதும். கழிவறையும் அந்த வழியில் சேர வேண்டும். அதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர், வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர் ஒருவர் என இருவராவது உடன் வர வேண்டும். இரவல் நாற்காலியில் நாமே உட்கார்ந்து பார்ப்பது அதற்கு ஈடாகாது. பழக்கமில்லாதவருக்கு எல்லாமே கடினமாகத் தெரியும். எது உண்மையான தடை, எது சமாளிக்கக்கூடியது என்று பிரித்துச் சொல்லப் பழகியவரால்தான் முடியும். அவர்கள் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஒரே வழியை மூன்று வேளைகளில் பாருங்கள்: வார நாள் காலை, மழை விட்ட உடனே, ஞாயிறு மாலை. செவ்வாய்க்கிழமை காலையில் அகலமாகத் தெரியும் பாதை ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருக்காது.

கையில் இருக்க வேண்டியவை

5 மீட்டர் அளவுநாடா, 1.2 மீட்டர் நீளமுள்ள ரசமட்டம், சுண்ணக்கட்டி, கைப்பேசி, பயணப்பெட்டியை எடைபோடும் தொங்கு தராசு. அவ்வளவுதான். கைப்பேசியிலேயே சரிவை அளக்கும் செயலி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் கைப்பேசியின் பின்பக்கக் கேமரா மேடு அதைச் சற்றுத் தூக்கிவிடும். கைப்பேசி சின்னது என்பதால் ஒரே ஓட்டின் சரிவைத்தான் காட்டும், பாதையின் சரிவைக் காட்டாது. செயலியைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், நேரான நீளப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் கைப்பேசியை நீளவிளிம்பில் நிறுத்தி அளவெடுங்கள்.

சரிவு

ரசமட்டத்தின் ஒரு முனையைச் சாய்வுப்பாதையின் மேல்பக்கமாகத் தரையில் ஊன்றுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்ப்பக்க முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நாடாவால் அளங்கள். 1.2 மீட்டர் ரசமட்டத்தில் 100 மி.மீ. வந்தால் சரிவு 1:12; 120 மி.மீ. வந்தால் 1:10. செயலி காட்டும் கோணத்தில் இவை முறையே 4.8, 5.7 பாகை.

சாய்வுப்பாதைக்கு 1:12தான் பொதுவான உச்சவரம்பு. 200 மி.மீ.க்கு உட்பட்ட சிறிய ஏற்றத்துக்கும், நடைபாதை சாலையில் இறங்கும் விளிம்புச் சரிவுக்கும் 1:10 வரை போகலாம். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளவெடுங்கள். சராசரி சரியாக இருந்து கடைசி அரை மீட்டர் மட்டும் செங்குத்தாக இருப்பது வாடிக்கை. கீழ்த்தரை பிறகு தாழ்ந்திருக்கும். இல்லையென்றால் மேஸ்திரி கணக்கை அங்கேதான் ஈடுகட்டியிருப்பார்.

பக்கவாட்டுச் சரிவை யாரும் பார்ப்பதில்லை. மழைநீர் வழிய நடைபாதை சாலைப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும், இருக்கவும் வேண்டும். 1.2 மீட்டருக்கு 24 மி.மீ., அதாவது 1:50க்கு மேல் போனால் நாற்காலி தானாகச் சாலைப் பக்கம் திரும்பும். ஒரு கையால் மட்டுமே தள்ளுபவருக்கு அந்தப் பாதை பயன்படாது.

சாய்வுப்பாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. சதுரம் சமதளமாக வேண்டும். பாதை ஏறி முடிந்ததும் முகத்துக்கு நேரே கதவு, அதுவும் தன் பக்கமாக இழுக்க வேண்டிய கதவு என்றால் அந்தச் சாய்வுப்பாதை யாருக்கும் உதவாது. கதவின் பிடியில் தொங்கு தராசை மாட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். 2 கிலோவுக்கு மேல் காட்டினால் கைவலு குறைந்தவருக்குச் சிரமம். பெரும்பாலும் கதவைத் தானாக மூடும், அதன் மேலுள்ள கருவியில் ஒரு திருகைத் தளர்த்தினாலே சரியாகிவிடும். கதவு திறந்த நிலையில் உள்ளே புக 850 மி.மீ. இடைவெளி வேண்டும். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு அளக்காமல், திறந்து நிற்கும் கதவின் முகத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை அளங்கள்.

இணைப்புகளில் தேடுவது

விளிம்புச் சரிவு சாலையைத் தொடும் கோட்டில் நாடாவைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். 10 மி.மீ. உயரத்துக்கு உதடுபோல விளிம்பு எழும்பியிருந்தாலே நாற்காலியின் முன்சக்கரம் தடுக்கி, அமர்ந்திருப்பவர் முன்னால் சரிகிறார். முதல் வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். சாலைக்குப் புதுத் தார் போட்டபோது மட்டம் மாறியிருக்கும்.

வடிகால் மூடிக் கம்பிகளின் இடைவெளி 12 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, நீண்ட இடைவெளிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பழுதுபார்க்கத் தூக்கிய மூடியைத் திசை மாற்றித் திரும்பப் போட்டுவிடுவார்கள். முன்சக்கரமும் ஊன்றுகோல் நுனியும் அந்த நெடுக்கு இடைவெளியில் இறங்கிவிடும். மூடியைத் திருப்பிப் போட ஒரு நிமிடம் போதும். புகார் அளிக்கத்தான் ஆள் இல்லை.

கூரையிட்ட நடைபாதையின் முனையில் மோட்டார்சைக்கிள் நுழையாமலிருக்க நடப்படும் கம்பங்களுக்கு இடையே 900 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள். நேராக நுழைய முடிந்தாலும், நுழைந்த உடனே திரும்ப வேண்டியிருந்தால் 900 போதாது.

கடைவீட்டு ஐந்தடி நடைபாதை

லிட்டில் இந்தியாவில் மிகக் கடினமான பகுதி இதுதான். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலிருந்து வரும், கடைவீடுகளின் முகப்பில் கூரையோடு ஓடும் இந்த நடைபாதையின் அகலம் ஏறத்தாழ 1.5 மீட்டர். பக்கத்துக் கடையோடு தளமட்டம் ஒத்துப்போகாது. ஒரு கடைக்கு ஒரு படி ஏறி, அடுத்த கடைக்கு இறங்க வேண்டியிருக்கும்.

கடைவாசலில் 150 மி.மீ. படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1:10 என்றாலும் சாய்வுப்பாதைக்கு 1.5 மீட்டர் நீளம் தேவை. அதாவது ஐந்தடிப் பாதையின் முழு அகலத்தையும் அதுவே விழுங்கிவிடும். கடைக்காரர் நல்ல மனத்தோடு சிமெண்டில் அரை மீட்டர் சரிவு போட்டுக் கொடுப்பதைப் பார்க்கலாம். அது கிட்டத்தட்ட 1:3. மழையில் வழுக்கும், நாற்காலி பின்னால் கவிழும், வெள்ளைக்கோலோடு வருபவருக்குப் புதிதாக ஒரு தடுக்கல். அதற்குப் படியே மேல்.

செய்யக்கூடியவை மூன்று. கதவை உள்ளே தள்ளி, சரிவைக் கடைக்குள்ளேயே அமைப்பது முதலாவது. கடையில் கொஞ்சம் இடம் போகும், ஆனால் இதுதான் நிலையான தீர்வு. இரண்டாவது, பக்கத்துக் கடைக்காரரோடு பேசி நடைபாதையின் நீளவாட்டில் மட்டத்தைச் சரிசெய்வது. லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது என்பதால், இரண்டுக்குமே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் ஒப்புதல் தேவையா என்று வேலையைத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கட்டடங்களுக்கான அணுகல்தன்மை நிதி பற்றிக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் விசாரிப்பதும் அப்போதுதான்.

மூன்றாவது, எடுத்து வைக்கும் அலுமினியச் சரிவுப்பலகை. 150 மி.மீ. படிக்கு 1.2 மீட்டர் பலகை 1:8 சரிவு தரும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் மட்டுமே பாதுகாப்பு. மின்சக்கர நாற்காலியும் ஆளும் சேர்ந்தால் 200 கிலோவை எட்டும். பலகை தாங்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள். வாசலில் 900 முதல் 1,200 மி.மீ. உயரத்துக்குள் அழைப்பு மணி ஒன்றைப் பொருத்துங்கள். மணி இல்லாத பலகை கடைக்குள் மூலையில் கிடக்கும், வெளியே நிற்பவருக்கு அது இருப்பதே தெரியாது. பயன்படுத்தியதும் எடுத்துவிட வேண்டும்.

பார்வையற்றோருக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒத்துவராத இடம்

நாற்காலிக்கு விளிம்பு சாலையோடு சமமாக இருக்க வேண்டும். கோலால் தட்டி நடப்பவருக்கு அந்த விளிம்புதான் சாலை தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். இந்த முரணைத் தீர்க்கத்தான் புள்ளிகள் பதித்த எச்சரிக்கை ஓடுகள். நீளக்கோடுகள் உள்ள ஓடு போகும் திசையைக் காட்டும், புள்ளி ஓடு நில் என்று சொல்லும். இரண்டையும் மாற்றிப் பதித்திருந்தாலும், திசை ஓடு தூணில் போய் முடிந்தாலும், தரையின் அதே நிறத்தில் ஓடு இருந்தாலும் பயனில்லை. பார்வை மங்கியவர்கள் அதைக் காலால் உணர்வதைவிட நிறத்தால்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தலைக்கு மேலும் பாருங்கள். 2 மீட்டருக்குக் கீழே தொங்கும் எதையும் கோல் காட்டிக் கொடுக்காது: கடை முகப்பில் கட்டிய மாலைகள், மடக்குக் கூரையின் முனை, புளோக் படிக்கட்டின் அடிப்பகுதி. படிக்கட்டின் கீழே கோல் தட்டும்படி ஒரு பூத்தொட்டி வரிசை வைத்தாலே ஆபத்து நீங்கும்.

சாலை கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் பிளஸ் வசதி இருந்தால், மூத்தோர் அட்டையையோ உடற்குறையுள்ளோர் சலுகை அட்டையையோ தட்டும்போது 3 முதல் 13 நொடி வரை கூடுதலாகக் கிடைக்கும். அட்டை வைக்கும் பெட்டியை நாற்காலியிலிருந்து எட்ட முடிகிறதா, அதன்முன் சைக்கிள் நிற்கிறதா என்று பாருங்கள்.

உணவங்காடி, கழிவறை

மேசையோடு பொருத்திய வட்ட இருக்கைகள் நாற்காலிக்கு இடம்கொடுக்காது. ஒரு பக்கம் இருக்கையில்லாத மேசைகள் இருக்கும். அவற்றின் அடியில் முழங்கால் நுழைய 700 மி.மீ. உயரம் வேண்டும். அவை மின்தூக்கிக்கும் கழிவறைக்கும் அருகில் உள்ளனவா என்பது முக்கியம்.

கழிவறையில் அளவுகளைவிடப் பராமரிப்பே பெரிய சிக்கல். உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கியிருக்கும். நாற்காலியிலிருந்து இடம் மாறும் பக்கத்தில்தான் குப்பைத்தொட்டி நிற்கும். அவசர அழைப்புக் கயிறு தரையைத் துடைப்பதற்காக மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். கீழே விழுந்தவர்தான் அதை இழுக்க வேண்டும். முடிச்சை அவிழ்த்துத் தரைக்கு அருகில் தொங்கவிட்டு, இழுத்தால் யார் வருகிறார்கள் என்றும் சோதித்துப் பாருங்கள். பல இடங்களில் யாரும் வருவதில்லை.

பண்டிகைக் காலம்

தீபாவளிச் சந்தை, கோயில் திருவிழா, கீழ்த்தளத்துத் திருமணம் என எதற்கு ஏற்பாடு செய்தாலும் மின்கம்பிகள்மேல் போடும் கறுப்பு ரப்பர் மேட்டைக் கவனியுங்கள். பல மேடுகள் சக்கர நாற்காலிக்கு மிகச் செங்குத்து. முடிந்தால் கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் நீளச் சரிவுள்ள வகையை வாடகைக்குக் கேளுங்கள். கூடாரக் கயிறுகளை நடைவழிப் பக்கம் கட்ட வேண்டாம். கடைகளுக்கிடையே 1.5 மீட்டரைச் சுண்ணக்கோடாகப் போட்டு வையுங்கள், இரண்டாம் நாளே பெட்டிகள் கோட்டைத் தாண்டும்.

புகார் எழுதுவது

வட்டாரப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்பினால் உரிய அமைப்புக்கு அது போய்ச் சேரும். ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. நான்கை ஒன்றாக எழுதினால் நான்கும் வெவ்வேறு அமைப்புகளுடையதாக இருக்கும். ஒன்று மட்டும் முடிந்து கோப்பு மூடப்படும்.

இடத்தைத் துல்லியமாகச் சொல்ல விளக்குக் கம்ப எண், பேருந்து நிறுத்தத்தின் ஐந்திலக்க எண், புளோக் எண் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். படம் இரண்டு: நாடா தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, சுற்றுப்புறம் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. வாசகம் இப்படி இருக்கலாம்: ‘இந்த விளக்குக் கம்பத்தின் அருகே நடைபாதைச் சரிவு சாலையைத் தொடும் இடத்தில் 25 மி.மீ. உதடு உள்ளது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் தடுக்குகிறது. மட்டப்படுத்தித் தர வேண்டும்.’ ‘பாதை மிக மோசம்’ என்று எழுதினால் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தனக்கு மோசமாகத் தெரியவில்லை என்று போய்விடுவார்.

இரு அமைப்புகளின் எல்லையில் உள்ள பிரச்சினை பந்தாகத் தட்டப்படும். அப்போது இருதரப்பையும் ஒரே நேரத்தில் இடத்துக்கு அழைத்து, எல்லைக்கோட்டைச் சுண்ணத்தால் வரையச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு அளவுகளோடும் படங்களோடும் போகலாம்.

வேலை முடிந்ததும் அதே நாடாவோடு, அதே இடத்தில் மறுபடி அளங்கள். சிமெண்ட் காய்ந்த பிறகு ஒருமுறை, முதல் கனமழைக்குப் பிறகு ஒருமுறை. சரிவின் அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகாலுக்கான சாய்வு விடுபட்டிருக்கிறது. அதைத் தனிப் புகாராக அனுப்புங்கள். சாலைக்கு மீண்டும் தார் போடும்போது அந்த உதட்டைத் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும், ஆகையால் பழைய அளவுகளைத் தேதியோடு குழுவின் கோப்பில் வைத்திருங்கள்.