பழைய லப்ரொப்பில வீட்டுப் படங்களைப் பாதுகாக்கிறது எப்பிடி

எங்கட வீட்டில சண்டை முடிஞ்ச 2009க்கு முந்தின படம் எண்டு மிஞ்சினது பதினொண்டுதான். அம்மா சொப்பின் பைக்குள்ள சுத்தி இடுப்பில கட்டி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிஞ்சவ. மிச்ச அல்பங்களை விசுவமடுவில கிடங்கு வெட்டித் தாட்டிட்டுப் போனது, திரும்பி வந்து கிண்டேக்க கறையானும் தண்ணியும் திண்டு முடிச்சிட்டுது. வன்னியில கன வீட்டில இதே கதைதான். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20ல காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் தொடங்கின போராட்டத்தில அம்மாமார் பிடிச்சிருந்த படங்களைப் பாத்த நாளில இருந்து, ஒரு முகத்துக்கு ஒரேயொரு பிரதி மட்டும் இருக்கக் கூடாது எண்டு எனக்கு மனசில நிண்டுட்டுது.

கூகிள் போட்டோசில போட்டால் காணாதோ எண்டு கேப்பியள். 2021 ஜூன் 1 தொட்டு அதில அளவில்லாத இலவசம் இல்லை, மெயில் எல்லாம் சேத்து 15 ஜீபீதான், அதோட இரண்டு வருசம் தொடாத கணக்கை அழிக்கலாம் எண்ட விதியும் 2023 டிசம்பரில இருந்து இருக்கு, வயசு போன ஆக்கள் போன் மாத்தி பாஸ்வேர்ட் மறந்தால் அந்த இரண்டு வருசம் எப்ப போச்செண்டே தெரியாது. வாட்சப்பில அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். காணாமல் போன பிள்ளையின்ர முகத்தை எவன்ர சேர்வரில வைக்கிறது எண்டதும் சின்ன விசயமில்லை.

அப்ப தேவையானது: மூலையில கிடக்கிற ஒரு லப்ரொப், 4 ஜீபீ ராம் இருந்தால் தாராளம், புதுசா ஒரு வெளி ஹாட்டிஸ்க், வீட்டு வைபை. லப்ரொப் ஏன் எண்டால் அதுக்குள்ளயே பற்றரி இருக்கு, கரண்ட் போய் வந்தாலும் நிக்காது. ஆனா பற்றரி வீங்கியிருக்கோ எண்டு முதல் பாருங்கோ, அடிப்பக்கம் புடைச்சிருந்தால் கழட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை, நாள் முழுக்க சார்ஜில கிடக்கப்போற சாமான்.

விண்டோசை எடுத்துப்போட்டு டெபியன் (Debian) எண்ட இலவச லினக்ஸைப் போடுங்கோ. பென் டிரைவில ஏத்துற சின்ன இன்ஸ்டோலர் ஒரு ஜீபீயும் வராது, ஆனா போடேக்க மிச்சத்தை இன்ரநெற்றில இருந்து இழுக்கும், அதால டேட்டா மலிவான நேரம் பாத்துச் செய்யுங்கோ. டெபியன் 13க்கு 64 பிட் மெசின் வேணும், 32 பிட் மட்டும் உள்ள பழசுக்கு இன்ஸ்டோலரே இல்லை. டெஸ்க்டொப் எது எண்டு கேக்கேக்க எக்ஸ்எப்சிஈயை (Xfce) தெரிவு செய்யுங்கோ, பாரமில்லாதது. டிஸ்க்கை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு கேக்கிற இடத்தில முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ணுற, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் வாசிக்க ஏலாதபடி பூட்டுற வழி ஒண்டு இருக்கு, அதைத்தான் எடுங்கோ. கள்ளன் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளுக்குப் பாக்க ஏலாது. வெளி ஹாட்டிஸ்க்கையும் பிறகு அப்பிடியே பூட்டவேணும். அதுக்கான கரைச்சல் என்னெண்டால் மெசின் அணைஞ்சு எழும்பினால் ஒராள் பாஸ்வேர்ட் அடிக்கவேணும், மறந்தால் கடவுளாலயும் திறக்க ஏலாது. கடதாசியில எழுதி வீட்டில ஒண்டு, நம்பிக்கையான ஒராளிட்ட ஒண்டு வையுங்கோ.

பிறகு பவர் செற்றிங்கில மூடியைச் சாத்தினால் ஒண்டும் செய்யாதே, நித்திரைக்கும் போகாதே எண்டு மாத்திவிடுங்கோ. இதை விட்டுட்டு, ஏன் ஓடுதில்லை எண்டு நான் இரண்டு நாள் மண்டையைப் பிச்சனான்.

இப்ப சிங்திங் (Syncthing). 2013ல வந்த திறமூல மென்பொருள், நடுவில ஒரு கொம்பனியின்ர கிளவுட் இல்லாமல் போனும் லப்ரொப்பும் நேர கதைச்சு பைல்களை ஒண்டாக்கும். டெபியன்ர மென்பொருள் களஞ்சியத்திலயே இருக்கு. போட்டு, அதைத் தொடக்கிவிட்டு, அதே லப்ரொப்பில பிரவுசரைத் திறந்து 127.0.0.1:8384 எண்டு அடிச்சால் அதின்ர பக்கம் வரும், உடன பாஸ்வேர்ட் ஒண்டு வையுங்கோ. அன்ட்ரொயிட் போனுக்கு இருந்த பழைய செயலியை 2024 டிசம்பரில நிப்பாட்டிட்டினம், இப்ப பாவிக்கிறது சிங்திங் போர்க் (Syncthing-Fork), எப்-டிரொயிட் (F-Droid) எண்ட இலவச செயலிக் களஞ்சியத்தில கிடக்கு. போனில லப்ரொப்பின்ர கியூஆர் கோட்டை ஸ்கேன் பண்ணி, லப்ரொப் கேக்கேக்க ஓம் எண்டு குடுத்தால் இரண்டும் அறிமுகமாகும். கமெரா போல்டரை போனில அனுப்ப மட்டும், லப்ரொப்பில வாங்க மட்டும் எண்டு வையுங்கோ, வைபை இருக்கேக்க மட்டும் ஓடு எண்டும் சொல்லுங்கோ. இரண்டும் ஒரே வைபையில நிண்டால் படங்கள் வீட்டுக்குள்ளாலயே போகும், டேட்டா குறையாது.

இனிச் சொல்லுறதைக் கவனமா வாசியுங்கோ. சிங் எண்டது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைக்கிறது, பக்கப் இல்லை. போனில அழிச்சால் லப்ரொப்பிலயும் அழியும், வாங்க மட்டும் எண்டு வைச்சிருந்தாலும் அழியும். எங்கட அக்கா போன் நிரம்பிட்டுதெண்டு பிள்ளையின்ர முதலாம் பிறந்தநாள் படமெல்லாத்தையும் அழிச்சிட்டா, லப்ரொப்பில இருக்குத்தானே எண்ட நம்பிக்கையில. நான் முதலே லப்ரொப் பக்கத்து போல்டரில வேர்சனிங் எண்ட, அழிஞ்ச பைல்களை எடுத்து வைக்கிற இடத்தில குப்பைத்தொட்டி முறையைப் போட்டு, எத்தினை நாள் எண்டதுக்குப் பூச்சியம் குடுத்திருந்தனான், அதாவது ஒருநாளும் வெளியில கொட்டாதே எண்டு. அந்த ஒளிச்சிருக்கிற போல்டருக்குள்ள எல்லாம் அப்பிடியே கிடந்துது. அண்டைக்குப் பிறகு மாசத்தில ஒருக்கா, புதுப் படங்களை வருசம் மாசம் போட்டு வெளி ஹாட்டிஸ்க்குக்கு கொப்பி எடுக்கிறன். கொப்பி எடுத்து திறந்து பாத்த பிறகுதான் போனில அழிக்கலாம் எண்டு வீட்டில எல்லாருக்கும் சொல்லியாச்சு.

பழைய கடதாசிப் படங்களை போனால எடுக்காதேங்கோ, ஸ்கானரில 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) வைச்சு எடுங்கோ, அடையாள அட்டைப் படம் மாதிரிச் சின்னனெண்டால் 1200. கண்ணாடியோட ஒட்டிப்போன படத்தைப் பிடுங்கினால் முகம் கண்ணாடியோடயே போயிடும், பிறேமைக் கழட்டிக் கண்ணாடியோடயே ஸ்கான் பண்ணுங்கோ. பின்பக்கம் எழுதியிருந்தால் அதையும் எடுங்கோ, திகதியும் கையெழுத்தும் அதுக்குள்ளதான்.

வீட்டில எல்லாம் சேந்திட்டுது, முடிஞ்சுது எண்டு இருக்காதேங்கோ. வீடு நிக்காது எண்டதை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டையை விடுங்கோ, 2018 டிசம்பரில இரணைமடு வான்கதவு திறந்த வெள்ளத்தில கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் எத்தினை வீட்டுக்குள்ள தண்ணி நிண்டது. லப்ரொப்பை உயரமா வையுங்கோ, இடி முழங்கினால் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழட்டுங்கோ, ஆனா அதைவிட முக்கியம் இன்னொரு பிரதி வேற ஊரில, ஏலுமெண்டால் வேற நாட்டில இருக்கிறது.

இதை இன்ரநெற்றால அனுப்பினால் எங்கட 4ஜீ பக்கேஜ் தாங்காது. முழுசா இன்னொரு ஹாட்டிஸ்க்கில ஏத்தி, அதையும் என்கிரிப்ட் பண்ணி, வற்றாப்பளைப் பொங்கலுக்கு சுவிசில இருந்து வந்த சித்தப்பாட்ட குடுத்துவிட்டனான். அவர் அங்க தன்ர கொம்பியூட்டரில சிங்திங் போட்டு அந்த போல்டரைக் காட்ட, அது எல்லாத்தையும் சரிபாத்து இருக்கிறதைத் திரும்பக் கேக்காமல் புதுசை மட்டும்தான் வாங்குது. மொபைல் சிம்மில பெரும்பாலும் உங்களுக்கெண்டு தனி வெளி ஐபி, அதாவது இன்ரநெற் விலாசம், கிடையாது, கன வீடு ஒண்டைத்தான் பங்கு போடும், அதால வெளியில இருந்து நேர வீட்டுக்குள்ள வர ஏலாது. சிங்திங் அப்பிடி நேரத்தில நடுவில நிண்டு கைமாத்திவிடுற ரிலே சேர்வருக்குள்ளால போகும், மெதுவு, ஆனா நடுவில நிக்கிறவனுக்கு உள்ள இருக்கிறது தெரியாது. ரவுட்டரில போர்ட் திறக்கிற, அதாவது வெளியில இருந்து உள்ள வர வாசல் விடுற வேலைக்குப் போகாதேங்கோ.

போன கிழமை சித்தப்பா எடுத்துக் கேட்டவர், பச்சைச் சட்டையோட மாமரத்தடியில நிக்கிற பெடியன் ஆரெண்டு. அது அவரேதான், மல்லாவியில, பதினாலு வயசில.