கணினி ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது எப்படி? பெயரிலிருந்து தொடங்குங்கள்

ஃபைல்களை ஒழுங்குபடுத்தலாம் என்றதும் பலரும் ஃபோல்டர் மேல் ஃபோல்டராகப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒழுங்காகப் பெயர் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் கணினியை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை: டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் குவிந்து கிடக்கும் ஃபைல்களை அப்படியே 'பழையவை' என்ற ஒரு ஃபோல்டருக்குள் தள்ளுங்கள். இப்போதே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டாம், பாதியிலேயே சலித்துவிடும். பிறகு எந்த ஃபைல் தேவைப்படுகிறதோ, அதை மட்டும் எடுத்து உரிய இடத்தில் வைத்தால் போதும்.

இரண்டாவது: டாக்குமென்ட்ஸுக்குள் வீடு, வேலை, படிப்பு, மருத்துவம் என்று நான்கைந்து ஃபோல்டர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், N ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் புது ஃபோல்டர் வந்துவிடும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போகாதீர்கள்.

சரி, இப்போது பெயர். இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, இப்படி மாற்றுங்கள்:

2025-03-09_மின்கட்டணம்_ரசீது

வருடம், மாதம், நாள் என்ற வரிசைதான் முக்கியம். பெயர்வாரியாக அடுக்கும்போது கணினி இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே போகும். 09-03-2025 என்று நாளை முன்னால் வைத்தால், எல்லா மாதத்து ஒன்பதாம் தேதிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வருடத்தை முன்னால் வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. மார்ச் மாதத்துக்கு 3 என்று போடாமல் 03 என்றே போடுங்கள். விண்டோஸ் இதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் மென்பொருள்களில் 10 வந்து 3-க்கு முன்னால் நின்றுவிடும். சாய்வுக்கோடு (/), முக்காற்புள்ளி (:), கேள்விக்குறி (?) போன்றவற்றை ஃபைல் பெயரில் விண்டோஸ் ஏற்காது. அப்புறம், ஸ்கேன் செய்த ரசீதாக இருந்தால் ரசீதில் உள்ள தேதியைப் போடுங்கள், ஸ்கேன் செய்த தேதியை அல்ல.

அடிக்கடி திருத்தும் ஃபைலுக்கு எண் கொடுங்கள்: விண்ணப்பம்_01, விண்ணப்பம்_02. 'ஃபைனல்' என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரு திருத்தம் கட்டாயம் வரும்.

கடைசி வேலை, பேக்கப். கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பிடத்தில், சின்க் ஆகிறதே (இங்கே செய்யும் மாற்றம் அங்கேயும் தானாக நடக்கிறதே) என்று தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள். சின்க் ஆகும் ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் கிளவுடிலும் அது போய்விடும். கூகுள் டிரைவின் ட்ராஷில்கூட 30 நாள்தான் இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இணைத்தபடியே விட்டால், கணினியில் வைரஸ் புகும்போது அந்தக் காப்பியும் சேர்ந்து பாழாகலாம்.